மார்கழி வெயிலில் நம் வீட்டு ஜன்னல்கள்

சிவமயம்

காரைக்குடி,
கார்த்திகைக் கடைசி

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கே குளிர் கூடிவிட்டது என்றாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய ஒன்பது ஜன்னல் படங்களையும் கணினித் திரையில் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். டொரண்டோவில் வேலை முடிந்து வந்ததும் இவற்றைப் பார்த்தால் மனசு அடங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த அடக்கம் ஒன்பதில் இரண்டில்தான் தெரிகிறது. நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுப் பத்தியில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிற நாலாவது படம், மாடியில் தரையில் பச்சை வெளிச்சம் விழுந்திருக்கிற எட்டாவது படம். மற்ற ஏழும் நம் ஜன்னல்கள்தாம், ஆனால் கண் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஏன் என்று உனக்குத் தெரிந்துவிட்டால் இந்த முறை பிள்ளையார் நோன்பு முடிந்து பொங்கல்வரை உனக்கு இருக்கும் நாள்களில் வேண்டிய படங்களை எடுத்துக்கொண்டு போகலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் காரணம் சாய்வு. ஜன்னல் உன் தலைக்கு மேலே இருக்கும்போது போனை அண்ணாந்து பிடித்திருக்கிறாய். அப்படிப் பிடித்தால் நிலையின் இரண்டு பக்கச் சட்டங்களும் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும், ஜன்னல் பின்னால் விழப்போவதுபோல் தெரியும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் மனசு அதை நிமிர்த்திக்கொண்டே இருக்கும், அமைதி வராது. இதற்கு ஒரே வைத்தியம், போனின் முதுகும் ஜன்னலும் இரண்டு சுவர்கள்போல் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். லென்ஸின் உயரம் ஜன்னலின் நட்டநடு உயரத்தில் இருக்க வேண்டும். முகப்பு ஜன்னல்களுக்குத் திண்ணைமேல் ஏறி நின்றால் போதும். மாடி ஜன்னலைத் தெருவிலிருந்து எடுக்காதே. எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுக்கக் கேட்டு வைத்திருக்கிறேன். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள், பக்கச் சட்டம் அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்து. கீழ்ச் சட்டமும் கிடைக்கோடும் ஒத்துவராமல் போனால் நீ இடமோ வலமோ தள்ளி நிற்கிறாய் என்று அர்த்தம். போனைத் திருப்பாதே, காலை நகர்த்து.

இரண்டாவது, அறை முழுவதும் வர வேண்டும் என்று போனின் 0.5 அகலக்கோண லென்ஸில் எடுத்திருக்கிறாய். அது ஓரங்களை இழுத்துவிடும், சதுரம் சதுரமாக இருக்காது. 1-இல் எடு, இடம் இருந்தால் பின்னால் போய் 2-இல் எடு. கேமரா கொண்டுவருவதாக இருந்தால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே போதும், மாடி ஜன்னலுக்கு 85 இருந்தால் நல்லது.

மூன்றாவதுதான் பெரிய காரணம். நம் உள்கட்டுகள் இருட்டு, வளவு வாசலில் வெயில். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கண் தாங்கும், கேமரா தாங்காது. போன் அதைச் சரிக்கட்ட இருட்டையெல்லாம் வெளுக்க வைத்துவிடுகிறது. உன் இரண்டாம் படத்தில் பெட்டகத்தின் பூட்டுக்கூடத் தெரிகிறது, ஆனால் ஜன்னல் செத்துக் கிடக்கிறது. ஜன்னல் என்பது இருட்டுக்குள் இருந்து பார்க்கிற வெளிச்சம். இருட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுவரில் ஒரு ஓட்டை. நாலாவது படம் நன்றாக இருப்பதற்குக் காரணம், முக்கால் பங்கு கறுப்பாகவே நிற்கிறது. கண்ணுக்கு இளைப்பாற அங்கே இடம் இருக்கிறது.

அதனால் திரையில் ஜன்னலின் வெளிச்சமான பகுதியில் விரலை வைத்து அழுத்திப் பிடி. வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொண்டதாகக் காட்டும். பிறகு பக்கத்தில் வருகிற சூரியன் அடையாளத்தை மெதுவாகக் கீழே இழு. வெளியே இருக்கிற எதிர்ச்சுவரின் காரை நிறம் திரும்பி வருகிற இடத்தில் நிறுத்து. அதற்கும் கீழே போனால் கம்பிகள் கறுத்த கோடாகிவிடும், தேக்கின் ரேகை தெரியாது. வெளி வெளிச்சம் கொஞ்சம் வெளுத்தே இருக்கட்டும், பாதகமில்லை. கேமராவில் என்றால் ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, முக்காலி, இரண்டு நொடி டைமர். உள்கட்டில் கால் நொடியிலிருந்து இரண்டு நொடிவரை போகும், கையில் பிடித்து எடுக்க முடியாது. ஒரே இடத்தில் மூன்று படம் எடு: அளவாக ஒன்று, இரண்டு படி இருட்டாக ஒன்று, இரண்டு படி வெளிச்சமாக ஒன்று. பின்னால் எது வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். மூன்றையும் சேர்த்து ஒட்டுகிற மென்பொருள் இருக்கிறதென்று முழுப் பலத்தில் ஓட்டிவிடாதே, மறுபடி பெட்டகப் பூட்டு தெரிய ஆரம்பிக்கும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். செதுக்கு வேலை தட்டையாகிவிடும், கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழும்.

இனி ஜன்னலைப் பற்றி. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் கை தானாக நிதானமாகும்.

நம் வீட்டு முகப்பு ஜன்னல் ஒன்றின் முன்னால் நின்று வெளியிலிருந்து உள்ளாகப் பார். முதலில் சுவரில் சுண்ணாம்புக் காரையில் செய்த வளைவு. அதற்குள் தேக்கு நிலை. நிலைக்குள் குத்துக்கம்பிகள், அவற்றைக் குறுக்கே கோத்துப் பிடிக்கிற பட்டைக்கம்பிகள். பட்டையில் துளை போட்டு, அதன் வழியே கம்பியை நுழைத்து, இரண்டு முனையையும் நிலைக்குள் இறக்கியிருப்பார்கள். நிலையைச் சுவரில் நிறுத்துவதற்கு முன்பே செய்த வேலை இது. நிலையைப் பிரிக்காமல் ஒரு கம்பியைக்கூட வெளியே எடுக்க முடியாது. கம்பிக்குப் பின்னால் கதவுகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழிரண்டை மூடி மேலிரண்டைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார், காற்று மட்டும் வரும். நீ நாலு கதவையும் திறந்து எடுத்திருக்கிறாய். ஜன்னல் எதற்காக அப்படிச் செய்யப்பட்டதோ அந்த நிலையில் ஒன்று எடுத்துப் பார். கீழே கருமை, மேலே வெளிச்சம், நடுவில் கொண்டியின் பித்தளை. அது போதும். கதவுகளுக்கு மேலே சில ஜன்னல்களில் அரைவட்டமாகவோ சதுரமாகவோ வண்ணக் கண்ணாடி. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் இந்த நாலும்தான் பெரும்பாலும்.

அந்தச் சொல்லையே பார். ஜன்னல் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ஜனேலா. மரம் பர்மா. கண்ணாடியை இன்றும் எல்லோரும் பெல்ஜியம் கண்ணாடி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நமக்குப் பழைய சொல்லே இருந்தது, காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சாளரம், பலகணி என்பவையும் உண்டு. எனக்குக் காலதர்தான் பிடிக்கும். டொரண்டோவில் உன் அறையில் இருப்பது இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்தது, வெளிச்சம் வரும், காற்று வராது. நம் வீட்டு ஜன்னல் படம் உனக்கு இளைப்பாறலாக இருப்பதில் அந்தக் காற்றுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஜன்னலைப் பார்த்து அது எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கனத்த தேக்கு, கையால் செதுக்கிய பூவேலை, வளைவு, வண்ணக் கண்ணாடி என்றால் பர்மாவில் லேவாதேவி செழித்த காலம். நேர்கோடுகளும் கட்டம் கட்டமான கம்பி வேலையும், மேலே சிமென்டில் நீட்டிய வெயில் மறைப்பும் என்றால் 1930-களை ஒட்டியது. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழுந்து, கொடுத்த கடனுக்கு ஈடாக நிலம்தான் கைக்கு வந்தது, 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தபிறகு அங்கிருந்து வரவு நின்றது. மரமும் நின்றது. நம் வீட்டில் முகப்பும் வளவும் முந்தியது, வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டுக்கு மேலே உள்ள மாடி அறைகள் பிந்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், வீட்டின் கணக்குப் புத்தகமே அதில் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். வீடு கிழக்கு மேற்காகத் தெருவிலிருந்து தெருவுக்கு ஓடுகிறது. மார்கழி, தையில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, இருபது பாகைக்கு மேல் தெற்கே தள்ளி வரும். நம் ஊரில் அப்போது ஆறரையை ஒட்டித்தான் உதயம். ஏழிலிருந்து எட்டரைவரை முகப்புச் சுவரில் வெயில் தெற்குப் பக்கத்திலிருந்து சாய்வாக விழும். காரைப் பூவேலை, செதுக்கு, கீலின் ஆணித்தலை எல்லாவற்றையும் நிழலோடு எடுக்க அந்த ஒன்றரை மணி நேரம் நல்லது. பின்தெருப் பக்கம் மாலை நாலிலிருந்து ஐந்தேகால்வரை. தெற்கு ஜன்னல்களுக்கு இந்த மாதங்களில் நாள் முழுக்க வெயில் உண்டு, நண்பகலில் கடுமையாக இருக்கும், விட்டுவிடு. வடக்கு ஜன்னலில் தையில் நேர் வெயிலே விழாது. பதினொன்றிலிருந்து மூன்றுவரை வடக்கு ஜன்னல்களை எடு, பால் ஊற்றினாற்போல் ஒரே சீரான வெளிச்சம். மே, ஜூனில் வந்தால் இது தலைகீழாகிவிடும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், வடக்கு ஜன்னலில் வெயில் ஏறும். அதனால் நீ சித்திரை விடுமுறைக்கு எழுதி வைத்திருந்த குறிப்பை மார்கழிக்குப் பயன்படுத்த முடியாது.

வண்ணக் கண்ணாடிக்கு மட்டும் தனிக் கணக்கு. எட்டாவது படம் அமைந்தது தற்செயல், இந்த முறை தெரிந்தே எடுக்கலாம். மாடியில் கிழக்கு அறையில் கண்ணாடி தரையிலிருந்து ஏறக்குறைய ஆறடி உயரத்தில் இருக்கிறது. சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்தில், அதாவது எட்டரை மணியளவில், 26 பாகை உயரத்துக்கு வந்திருக்கும். அப்போது நிறம் கண்ணாடியிலிருந்து 12 அடி தள்ளித் தரையில் விழும். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நேராக விழாது, வடமேற்கு மூலையைப் பார்த்து விழும். இன்னொரு மணி நேரத்தில் ஏழரை அடிக்கு வந்துவிடும். நிமிடத்துக்கு ஓர் அங்குலம் அளவு நகர்கிறது என்று வைத்துக்கொள். முக்காலியை நிறம் இருக்கும் இடத்தில் வைத்துக் குறி பார்த்தால் நீ தயாராவதற்குள் அது போய்விடும். அது வரப்போகிற இடத்தில் வைத்துக் காத்திரு. அந்தக் காத்திருப்புதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. போனை எடுத்துப் பார்க்காதே, தரையைப் பார். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவுக்குள் பச்சை ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

அந்தப் படத்துக்குக் கேமராவைத் தன்னிச்சை நிறத்தில் விடாதே. பச்சை அதிகமாக இருக்கிறதே என்று அது தானாக எதிர் நிறத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடும், கடைசியில் வெளுத்த சாம்பல் நிறம்தான் மிஞ்சும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்து, எண்ணாகக் கேட்டால் 5200. கண்ணாடியையே நேராக எடுப்பதானால் அதன் வெளிச்சத்துக்கு அளவு வை, சுவர் கறுக்கட்டும். கண்ணாடி பழையதா என்று தெரிந்துகொள்ள வெளியே நின்று சற்றுச் சாய்வாகப் பார். கையால் ஊதிச் செய்த பழைய தகட்டில் எதிர்வீட்டு ஓடு அலையலையாக நெளியும். மாற்றிப் போட்ட புதுக் கண்ணாடியில் ஓடு ஓடாகவே தெரியும். வெளியிலிருந்து எடுக்கும்போது உன் உருவமும் அதில் விழும், அதனால் கறுப்பு அல்லது கரும்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வா. இரண்டு மீட்டர் கறுப்புத் துணி வாங்கி வைத்திருக்கிறேன், பின்னால் பிடிக்க ஆள் இருப்பார்கள். எண்ணெய் போட்ட தேக்கின் பளபளப்பையும் கண்ணாடியின் மினுக்கத்தையும் குறைக்கப் போலரைசர் வடிகட்டி உதவும். பித்தளைக் கொண்டியின் மினுக்கத்துக்கு அது உதவாது, அதற்கு நீதான் நகர வேண்டும்.

ஜன்னலைத் திறக்கிற விதத்தையும் எழுதிவிடுகிறேன். வருடத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கிற ஜன்னல், ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதியிருக்கும். அடித்தோ உதைத்தோ திறக்காதே. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டும் விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். மேல் தாழ்ப்பாள் பாதி இறங்கி நிற்பதுதான் வழக்கமான கோளாறு. பிறகு கதவின் அடியில் கை கொடுத்து ஒரு நூல் அளவு மேலே தூக்கிக்கொண்டே உன் பக்கமாக இழு. பழைய கதவு தன் பாரத்திலேயே கீல் தளர்ந்து தொங்கி, நுனி கீழ்ச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தூக்கினால் வழிவிடும். கதவுகள் ஒன்றோடொன்று சேருகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய். கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதே, நாள்பட்டால் பிசின்போல் இறுகித் தூசியைச் சேர்க்கும். திறக்கும்போது முகத்தை நேரே வைக்காமல் பக்கத்தில் நின்று திற. கதவுக்கும் கம்பிக்கும் நடுவே குளவிக் கூடு இருக்கலாம். மூன்றாங்கட்டு மாடியில் வௌவால் எச்சம் கிடக்கிறது, முகக்கவசம் இல்லாமல் போகாதே, அங்கே கூட்டவும் வேண்டாம். மரத்தளம் உள்ள அறையில் நடுவில் நடக்காதே, சுவர் ஓரமாக, கீழே உத்திரம் போகிற கோட்டின்மேல் நட. கரையான் எங்கே தின்றிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

சுவரில் டேப் ஒட்டுவதோ ஆணி அடிப்பதோ கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு, டேப்பை உரித்தால் அதோடு தோல்போல் வந்துவிடும், திரும்பப் பூச இன்று கைதேர்ந்த கொத்தனார் கிடைப்பது சிரமம். முக்காலியின் காலுக்கு ரப்பர் போட்டுக்கொள். ஏசி அறையில் தூங்கிய கேமராவை நேரே வளவுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வேர்த்துவிடும், பையை மூடியபடியே அரை மணி நேரம் திண்ணையில் வைத்துவிட்டுப் பிறகு எடு.

இப்போது நான் உன்னிடம் கேட்கிற ஒன்று. அமைதிக்காக எடுக்கிற படம் வேறு, ஜன்னலைச் செப்பனிட உதவுகிற படம் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் எடுக்கப் பார்க்காதே, இரண்டும் கெடும். முதலில் பதிவுக்கான படத்தை எடுத்துவிடு. ஒரு ஜன்னலுக்கு வெளியிலிருந்து முழுசாக ஒன்று, உள்ளிருந்து மூடியது ஒன்று, திறந்தது ஒன்று, கீழ் மூலைகள் இரண்டுக்கும் கிட்டத்தில் ஒன்று ஒன்று. கிட்டத்துப் படத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து எடு. கீழ் மூலை ஏன் என்றால், கோளாறு தொடங்குவதே அங்கேதான். சாரல் தண்ணீர் அடிச்சட்டத்தில் நின்று, மரத்தின் வெட்டுவாய் வழியே உள்ளே ஏறும். குத்துக்கம்பி இறங்குகிற துளையில் துரு பிடித்தால் இரும்பு ஊதும், ஊதிய துரு சட்டத்தைப் பிளக்கும். சுவரும் நிலையும் சேருகிற கோட்டில் மண் ரேகை தெரிந்தால் கரையான் பின்பக்கமாக ஏறுகிறது. இந்த மூன்றும் படத்தில் தெரிந்தால் எந்த ஜன்னலை முதலில் பார்க்க வேண்டும் என்று ஆசாரிக்கு இங்கே உட்கார்ந்தபடியே காட்டிவிடலாம். கதவு தொங்குகிறதென்றால் பெரும்பாலும் மேல் கீலின் திருகு தளர்ந்ததுதான். பெரிய திருகு போட்டு முறுக்கக் கூடாது, மரம் வெடிக்கும். துளையில் தேக்குச் சிம்பு அடித்து அடைத்து, அதே அளவுத் திருகைப் போட வேண்டும். வண்ணக் கண்ணாடி உடைந்து கிடந்தால் சில்லைப் பெருக்கித் தள்ளிவிடாமல் ஒரு உறையில் போட்டு ஜன்னல் எண்ணை எழுது. நிறம் ஒப்பிட அந்தச் சில்லுதான் ஆதாரம்.

எண் போடுவதற்கு எளிய வழி, கட்டின் முதல் எழுத்தும் வலமாகச் சுற்றி வருகிற வரிசையும். முகப்புக்கு மு, வளவுக்கு வ, மாடிக்கு மா. மு1, மு2 என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு ஜன்னலையும் தொடங்கும் முன் அந்தத் தாளையே ஒரு படம் எடுத்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. இப்படிச் செய்தால் ஒரு ஜன்னலுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் எடுக்காதே. நாற்பது ஜன்னலுக்கு ஏழு நாள், உன்னிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. கேமராவில் உள்ளே எடுப்பதை மூன்று மூன்றாக எடுத்தாலும் மொத்தம் ஐந்நூறு அறுநூறு படம், 64 ஜிபி அட்டை தாராளம். தினமும் ராத்திரி இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வை.

பதிவு முடிந்தபிறகு அதே ஜன்னலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நில். உன் படத்தை அப்போது எடு. ஒன்றே ஒன்று. அளவும் மூலையும் கீலும் பார்த்து முடித்த கண்ணுக்கு அந்த ஜன்னல் வேறு மாதிரி தெரியும். போன முறை மூடிக்கிடக்கிற வீட்டுக்குள் உன்னால் இரண்டு நாள்கூட இருக்க முடியவில்லை. முழு வீட்டையும் ஒரே பார்வையில் பார்க்கப் போனால் யாருக்கும் அப்படித்தான். ஆள் இல்லாத வளவும் பூட்டிய அறைகளும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிடும். ஒரு ஜன்னல் என்றால் மூன்றடிக்கு நாலடி. அதைத் தாங்கலாம்.

வீடு எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது பங்காளிக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும், பொது. பெரியப்பச்சியிடம் சொல்லியாகிவிட்டது, சாவிக்கொத்து அவரிடம். மற்றவர்கள் அறை ஜன்னலை உள்ளிருந்து எடுப்பதானால் அவரவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடு, வெளியூரில் இருந்தாலும் போனில் கேள். உள் படங்களை ஊர்ப் பெயரோடு வெளியில் போடாதே. போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடு. பூட்டிய வீட்டில் என்ன இருக்கிறது, எந்த ஜன்னலில் கம்பி தளர்ந்திருக்கிறது என்று நாமே ஊருக்குச் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

ஊருக்குள் வேறு ஜன்னல்கள் பார்க்க ஆசையிருந்தால் காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கிறது. அது குடும்பத்தாருடைய வீடு, தெருவிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரு ஜன்னலை எடுக்காதே, வரிசையை எடு. ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் கட்டணம் வாங்கி உள்ளே விடுகிற வீடுகள் உண்டு, திறந்தவுடன் காலையிலேயே போய்விடு, பத்தரைக்கு மேல் வண்டிகள் வந்துவிடும். முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் ஒரு நடை போய் வா. பிரித்த வீடுகளின் நிலைகளும் ஜன்னல்களும் சாய்த்து வைத்திருப்பார்கள். அங்கே அமைதியான படம் கிடைக்காது, சுவர் இல்லாத ஜன்னலில் உள்ளும் இல்லை வெளியும் இல்லை. ஆனால் நம் வீட்டில் பார்க்கவே முடியாததை அங்கே பார்க்கலாம்: சுவருக்குள் புதைந்திருந்த சட்டத்தின் நீட்டிய முனைகள், கம்பி இறங்கும் துளைகள், மூலையில் ஒரு மரத்தை மற்றதில் செருகி முளை அடித்த விதம். கடைக்காரரைக் கேட்டுவிட்டு அவற்றை எடு. வாங்கிக்கொண்டு வராதே.

திரும்பிப் போனபிறகு பன்னிரண்டு படம் மட்டும் தேர்ந்தெடு. மினுக்கம் இல்லாத தாளில், போன் படமென்றால் 9-க்கு 12 அங்குலம், கேமரா படமென்றால் 8-க்கு 12. போனின் 12 மெகாபிக்சலே அந்த அளவுக்குப் போதும். சுவரில் மாட்டும்போது சட்டகத்தின் விளிம்பை ஒரே கோட்டில் வைப்பதைவிட, படத்துக்குள் இருக்கிற ஜன்னல்களின் அடிச்சட்டம் எல்லாம் ஒரே கோட்டில் வருகிற மாதிரி மாட்டிப் பார். நீ உட்கார்ந்து பார்க்கிற நாற்காலியிலிருந்து கண் உயரத்தில் இருக்கட்டும். எதிரே விளக்கு வேண்டாம்.

கிளம்புகிற அன்று மூடுகிற வேலை உன்னுடையது. மாடியிலிருந்து தொடங்கி முகப்புக்கு வா. ஒவ்வொன்றிலும் கீழிரண்டு கதவை முதலில் சாத்து, அடித் தாழ்ப்பாளைப் போடு, பிறகு மேலிரண்டு. மேல் தாழ்ப்பாள் முழுசாக ஏறியதா என்று ஒரு முறை இழுத்துப் பார். வளவுப் பத்தியில் அந்த நாலாவது படத்து ஜன்னலின் கொண்டி கொஞ்சம் வளைந்திருக்கிறது, இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு போட்டால் விழும். சாவியைப் பெரியப்பச்சி கையிலேயே கொடுத்துவிட்டு வா, திண்ணையில் வைத்துவிட்டு வராதே.

கறுப்புச் சட்டை, ரப்பர் பாதம், மெழுகுவர்த்தி, முகக்கவசம். மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது.

அன்புடன்,
உன் ஆத்தா